நுரைக்கும் ஆழம்

குழி என் நெஞ்சளவு.
வடக்குச் சுவரைக் கத்தியால் சீவி நேராக்கியாயிற்று;
வெயில் நன்றாக விழுகிறது.
ரெயுத் ஆற்றுக்குச் சரியும் சூரியகாந்தித் தாளடி.
விளிம்பில் அக்ரிப்பினா, ரப்பர் பூட்ஸ்,
விதை கொறித்துத் தோலைத்
தன் பக்கமே துப்புகிறாள்,
குழிக்குள் அல்ல.

எழுபத்திரண்டாம் ஆண்டு வரைபடத்தில்
இவ்விடம் அடர்பழுப்புப் பென்சில்.
யாரோ ஒரு தோழர் லுப்புவின் கையெழுத்து:
"ஆழமான கருமண். அமிலத்துக்கு நுரைப்பது
எழுபது சென்டிமீட்டரில். மதிப்பு எண்பத்தெட்டு."
அந்த எண்பத்தெட்டுக்குத்தான்
இன்றுவரை வரி கட்டுகிறாள்.

எச்சில் ஈரத்தில் பிசைந்து
கட்டைவிரலால் நாடாவாகத் தள்ளினேன்.
நான்கு சென்டிமீட்டரில் அறுந்தது.
முன்பல்லில் வைத்தேன், மணல் இல்லை.
நிறப் புத்தகத்தின் சன்னல்களுக்குப் பின்னால்
கட்டியை நகர்த்தி நகர்த்திப் பார்த்தேன்:
இரண்டாம் முறை கொதித்த தேயிலை.
கருப்பு என்று எழுதக் கை வரவில்லை.

பிறகு அமிலப் புட்டி.
சொட்டு. எழுபதில் நுரை, சரி.
ஐம்பதில் நுரை.
முப்பதில்.
ஒரு சாணில், கலப்பை புரளும் இடத்தில்,
சோடா திறந்ததுபோல் சீறியது.

"சுண்ணாம்பு மேலே வந்துவிட்டது" என்றேன்.
"வந்ததா?"
"இல்லை, அது இருந்த இடத்தில்தான் இருக்கிறது.
மேலே இருந்ததுதான் போய்விட்டது."

பள்ளத்தைப் பார்த்தாள்.
அங்கே எஃப்தீமியின் மக்காச்சோளம்.
வேலி புதைந்து புதைந்து
வேலிமேல் வேலி போட்டிருக்கிறான்.
"அப்படியென்றால் என் மண்ணுக்கு அவன் கட்டட்டும்."
சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.
படிவத்தில் அதற்குக் கட்டமும் இல்லை.

சறுக்கி உள்ளே இறங்கினாள்.
மஞ்சள் அடிமண்ணில் முஷ்டியளவு கருவட்டங்கள்.
"இவை?"
குருட்டெலி வளைகள். எந்தக் காலத்திலோ தோண்டியவை;
அன்றைய மேல்மண் இறங்கி அடைத்துக்கொண்டது.
விரலை விட்டு ஒரு கட்டி பெயர்த்தாள்,
நிலத்தின் மேலிருந்து ஒன்று எடுத்தாள்,
என் தண்ணீர் டப்பாவில் இரண்டையும் போட்டாள்.
மேல்கட்டி எண்ணி முடிப்பதற்குள் கரைந்து சேறானது.
எலியின் கட்டி
அப்படியே கிடந்தது, முனைகூட மழுங்காமல்.
இரண்டு பேரும் வெகுநேரம்
அதையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

சாலையில் ஓட்டுநர் ஹாரன் அடித்தான்.
ஐம்பத்திரண்டு என்று எழுதினேன்.
வரி குறையும் என்றேன்.
அவள் என் கையைத்தான் பார்த்தாள்.
"பேனாவா?" என்றாள்.
"பென்சிலில் எழுது."