கூட்டுப் பட்டா

கதை இவ்வளவுதான்:
சென்னையில் லிஃப்ட் நின்றுபோன ஒரு நாளில்
எட்டுப் பேருக்கு ஒரே நேரத்தில் வாழ்க்கை வெறுத்து,
சேடபட்டிப் பக்கம் வந்து
ஒரே வீடு ஒரே அடுப்பு ஒரே உண்டியல் என்று
கூடி வாழப் பார்க்கிறார்கள்.
சிரிப்புப் படம்.

அதில் வரும் கிணறு எங்களுடையது.
எங்களுடையது என்றால்
எனக்குப் பாதி, அண்ணன் ஒச்சப்பனுக்குப் பாதி,
பதினோரு வருஷமாக உசிலம்பட்டி கோர்ட்டுக்கு முழுசு.
வாய்தாவுக்கு ஒரே பஸ்ஸில்தான் போவோம்.
அவன் முன்படியில் ஏறுவான், நான் பின்படியில்.

"பட்டாவுல இருக்கிற ரெண்டு பேரும் போடணும் சார்"
என்று கம்பெனிக்காரப் பையன் காகிதத்தை நீட்டினான்.
நாளைக்கு நாலாயிரம்.
அப்பா செத்தபோது போடாத கையெழுத்தை
அன்றைக்குப் போட்டோம்.
பேனா மட்டும் கைமாறவில்லை,
அவன் கீழே வைத்தான், நான் எடுத்துக்கொண்டேன்.

எருமை என் தனிச்சொத்து, அதற்குத் தனி வாடகை.
அது கதாநாயகனை உதைக்க வேண்டும்.
பதினாலு டேக்.
என்னை உதைக்கும், என் பெண்டாட்டியை உதைக்கும்,
ஊசி போட வந்த டாக்டரை
வைக்கோல்படப்பு வரைக்கும் அனுப்பிய எருமை,
அந்தப் பையன் நடுங்கும் விரலால் காம்பைத் தொட்டதும்
கண்ணைச் சொருகிக்கொண்டு
இரண்டரை லிட்டர் கறந்தது.
டைரக்டர் தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தார்.

வெங்காயத்தைத் தலைகீழாக நட்டது மட்டும்
ஒரே டேக்கில் ஓகே.

படம் வந்ததும் வேன் பிடித்து
ஊரோடு உசிலம்பட்டிக்குப் போனோம்.
சுவரில் சார்ட் ஒட்டுகிறார்கள்:
திங்கள் சாணி, செவ்வாய் பாத்திரம்,
கீழே கொட்டை எழுத்தில்
யாருக்கும் எதுவும் சொந்தமில்லை.
அடுத்த சீனில் ஒருத்தி
தயிர் டப்பாவில் தன் பேரை எழுதி ஒளித்துவைத்ததற்கு
எட்டுப் பேரும் கரண்டியோடு அடித்துக்கொள்கிறார்கள்.
தியேட்டர் உருண்டது.
எங்கள் ஊர் வரிசைகளில் ஒரு சத்தமும் இல்லை.
சிரிக்க என்ன இருக்கிறது,
அவள் உறை ஊற்றிய தயிர்தானே.

தலைகீழ் வெங்காயத்துக்கு விசிலடித்தார்கள்.
அது முளைத்த கதை அவர்களுக்குத் தெரியாது.
கம்பெனி வேன் போன பத்தாம் நாள்
மண்ணுக்குள் ஒரு சுற்று சுற்றி
வளைந்த கழுத்தோடு மேலே வந்தது.
நட்டது வழக்கில் இருக்கிற வரப்பு.
யார் பிடுங்குவது என்று தெரியாமல்
அவன் இந்தப் பக்கம் தண்ணீர் பாய்ச்ச,
நான் அந்தப் பக்கம் களையெடுக்க,
முற்றி, தாள் நீண்டு, வெள்ளையாய்ப் பூத்து நிற்கிறது.

படத்தில் எட்டுப் பேரும் சென்னைக்கே திரும்பிவிட்டார்கள்.
ஜனம் செருப்பைத் தேடியது.
நான் உட்கார்ந்தே இருந்தேன்,
எருமை பேர் வரும் என்று சொல்லியிருந்தார்கள்.
வரவில்லை.
நன்றி என்று போட்டு
ஊராட்சி, மின்வாரியம், டீக்கடை,
அதற்கடுத்து எங்கள் பேர்.
நடுவில் கமா போட மறந்திருந்தார்கள்.
ஒச்சப்பன் காசிமாயன் என்று
வெள்ளை எழுத்தில்
இரண்டு செகண்ட் ஒரே ஆளாக இருந்தோம்.

ஆறு வரிசைக்கு முன்னால் ஒரு தலை
மெல்லப் பின்னால் திரும்பி
இருட்டில் எதையோ தேடியது.

"பாத்தீங்களா," என்றாள் என் பெண்டாட்டி,
"அவரு பேரை முன்னாடி போட்டிருக்கானுக."