நாற்பத்தேழாம் காற்றாலை

ஆரல்வாய்மொழிக் கணவாயில்
ஆடி முழுக்கக் காற்று தூங்குவதில்லை,
இரவுப் பணியில் நானும்.
கட்டுப்பாட்டறையின் கிழக்குச் சன்னலில்
நாற்பத்தேழாம் காற்றாலை.
உச்சியில் விமானங்களுக்கான சிவப்பு விளக்கு.
இறகு குறுக்கே வரும்போதெல்லாம்
இமைத்து மறுபடி திறக்கும்.
விளக்கை யாரும் அணைக்கவில்லை,
எதுவோ முன்னால் போகிறது, அவ்வளவுதான்.

கோள் பிடிக்கிறவர்களின் வித்தையும்
இதற்கு மேல் பெரிதாக ஒன்றுமில்லை.

மேலே ஒரு செயற்கைக்கோள்
இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை
நட்சத்திரங்களின் வெளிச்சத்தை நிறுத்துப் பார்த்துக்
கணக்கை யார் கேட்டாலும் தருகிறது.
அதில் ஒன்றை நான் எடுத்துவைத்திருந்தேன்.
பெயர் கிடையாது, ஒன்பது இலக்க எண்.
கடைசி நாலு இலக்கம்
நான் விற்றுவிட்ட ஸ்கூட்டரின் எண்.

பதினொரு நாள் நாலு மணிக்கு ஒருதரம்
ஆயிரத்தில் எட்டுப் பங்கு மங்கும்.
மூன்று மணி நேரம் மங்கியே கிடக்கும்.
பிறகு ஒன்றும் நடக்காததுபோல எரியும்.

அடுத்த சரிவு எந்த வரியில் வரவேண்டும் என்று கணக்கிட்டு
விரல் வைத்தேன்.
இருந்தது.
தேநீரில் ஆடை படிந்துவிட்டது.

ததேயு எட்டிப் பார்த்தான்.
"ஜெசிந்தா, அங்க ஆளு உண்டுமா?"
"மொதல்ல அது உண்டுமாண்ணு பாக்கட்டு."

மறைந்த பங்கிலிருந்து பருமன்.
சுற்றும் நாளிலிருந்து தூரம்.
தூரத்திலிருந்து சூடு:
ஈயம் கூழாகிவிடும் என்று வந்தது.
அங்கே வருடத்துக்குப் பதினொரு நாள்தான்.
அந்தக் கணக்கில் எனக்கு வயது
ஆயிரத்து நூற்றுப் பதினொன்று.
வரன் கொண்டுவரும் பிலோமினாக்காவிடம்
இதைச் சொல்ல வேண்டும்.

எடை மட்டும் கிடைக்கவில்லை.
நட்சத்திரம் நம்மை நோக்கி ஒரு நடை,
விலகி ஒரு நடை தள்ளாடுவதை
அதன் நிறத்தில் அளக்க வேண்டும்.
அத்தனை பெரிய கண்ணாடி சிலி நாட்டு மலையில் இருக்கிறது.
அவர்களுக்கு எழுதிய கடிதம்
ஒன்பது நாளாக வரைவில் கிடந்தது.
ஒவ்வொரு இரவும் ஒரு காற்புள்ளியை எடுத்தேன்,
மறுநாள் திரும்பப் போட்டேன்.

"நாப்பத்தேழு ஒருமாதிரி இழுக்கு, கேட்டியா?"

கேட்டேன்.
விஷ்க். விஷ்க். வீ…ஷ்க்.
விஷ்க். விஷ்க். வீ…ஷ்க்.
போன ஐப்பசியில் இடி வாங்கிய இறகு,
நுனியில் ஒரு சாண் பிளவு.
காது பழகாதவனுக்கு
ஒரே இறகு திரும்பத் திரும்ப வருவதாகத்தான் படும்.

எனக்குக் கை சில்லிட்டது.

ஏழு மாதச் சரிவுகளையும் எடுத்து
ஒற்றைப்படை ஒரு பக்கம்,
இரட்டைப்படை ஒரு பக்கம் அடுக்கினேன்.
ஒன்று, மூன்று, ஐந்து: ஆயிரத்தில் எட்டு.
இரண்டு, நான்கு, ஆறு: ஆயிரத்தில் ஏழு.

வருவது ஒருவரில்லை.
மாறி மாறி இரண்டு பேர்.

இரண்டு சூரியன்கள்
ஒன்றன் ஓரத்தை ஒன்று உரசி மறைத்தபடி
இருபத்திரண்டு நாள் எட்டு மணியில் ஒரு சுற்று.
என் வயதும் பாதியாயிற்று,
இனி அதை வைத்துக்கொள்ள
ஒரு ஊரும் இல்லை.

தனக்கென்று வெளிச்சமில்லாத
சின்ன இருட்டு ஒன்றைத் தேடிப்போனேன்.
கையில் இன்னொரு சூரியன்.
இதற்குப் போய் ஒருத்தி முகம் வாடுவாளா
என்று ததேயு கேட்டால் என்ன சொல்வது?
அவன் கேட்கவில்லை.
பழுதுப் பதிவேட்டை நீட்டினான்.

காற்று சற்று அமர்ந்த விடியலில்
நாற்பத்தேழை நிறுத்தி ஏறினோம்,
நானும் வில்பிரடும்.
எண்பது மீட்டர். நடுவில் இரண்டு இடத்தில் மூச்சு வாங்கல்.
தாடகை மலைக்குப் பின்னால் இன்னும் கருக்கல்.
சிவப்பு விளக்கு
மறைக்க ஒன்றுமில்லாமல் எரிந்தது.
வில்பிரடு பிளவை அளக்கக் குனிந்த நேரத்தில்
கட்டுப்பாட்டறைப் பக்கமாக
உள்ளங்கையைக் குறுக்கே நீட்டி
மூன்று எண்ணினேன்.
எடுத்தேன்.

இடுப்பில் வாக்கிடாக்கி கரகரத்தது.
ததேயுவின் தூக்கக் குரல்:

"நாப்பத்தேழுல வெளக்கு மங்கித் தெளியுது.
மேல ஆளு உண்டுமா?"