மூன்றாவது தட்டு

ஃப்ரிட்ஜில் மூன்றாவது தட்டு எனக்கு.
வெள்ளை டேப் ஒட்டி
நீல மையில் எழுதியிருந்தாள் ஒரீசியா:
டமாரா.
தாமரைச்செல்வி என்று நான் சொன்னதில்
அவள் காதுக்கு எட்டியது அவ்வளவுதான்.
அவர்கள் வம்சத்தில் அப்படியொரு பெயர் உண்டாம்,
உக்ரைனிலிருந்து கப்பலில் வந்த
ஒரு சித்திக்கு இருந்ததாம்.
எங்கள் அருப்புக்கோட்டையில்
டமாரம் என்றால் காது கேளாதவர்.
நான் திருத்தவில்லை.
முதல் பத்து நாள் டமாரமாகத்தான் இருந்தேன்.
வால்ட்டர் பேசுவது
வாயில் கொழுக்கட்டை அடக்கிய ஆங்கிலம்.
எல்லாவற்றுக்கும் சிரித்துவைத்தேன்.
அதில் ஒன்று
அவர் அண்ணன் இறந்துபோன சேதி.

மாலை ஐந்தரைக்கு ராச்சாப்பாடு.
அவர்கள் வீட்டுக் கொழுக்கட்டைக்குப் பெயர் பெரோகி,
உள்ளே உருளைக்கிழங்கு, மேலே சதகுப்பை.
இன்னும் வேண்டுமா என்றாள்.
வேண்டாம் என்றேன், மரியாதைக்கு.
இரண்டாம் தரம் யாரும் கேட்கவில்லை.
பாத்திரம் மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டது.
அன்றிரவு போர்வைக்குள்
மிக்சர் பாக்கெட்டைச் சத்தமில்லாமல்
பிரிக்கப் பார்த்தேன்.
சாஸ்கட்டூன் முழுக்கக் கேட்டிருக்கும்.

வெளியே மைனஸ் முப்பத்திநாலு.
இங்கே ராத்திரி காரையும்
ஒயர் செருகித்தான் தூங்கவைக்கிறார்கள்
என்று அம்மாவிடம் சொன்னேன்.
ஏன், அங்கே பெட்ரோல் கிடையாதா என்றாள்.

கடுகு வெடித்த முதல் நாள்
கூரையில் ஒட்டியிருந்த வெள்ளை வட்டம் அலறியது.
நாய் சோபாவுக்கு அடியில்.
ஒரீசியா ஓடிப்போய்க் கதவைத் திறக்க
பனி சமையலறைவரை வந்து
என் ரசத்தை எட்டிப் பார்த்தது.
அழுதுவிட்டேன்.
வெங்காயம் என்றேன்.
ரசத்தில் வெங்காயம் இல்லையென்று
அந்த வீட்டில் யாருக்குத் தெரியும்.

இப்போதெல்லாம்
நான் எண்ணெய்ப் புட்டியைத் தொட்டதுமே
வால்ட்டர் வந்து அலாரத்துக்கு நேர் கீழே
துண்டோடு நின்றுகொள்கிறார்,
உற்சவத்தில் சாமரம் வீசுகிறவர் மாதிரி.
கடுகு அடங்கியதும்
ஒரு தலையசைப்பு. டிவிக்குத் திரும்பிவிடுவார்.
பேச்சு ஒன்றும் கிடையாது.

என் அறை, அவர்கள் மகன் டானிலின் அறை.
கதவுச் சட்டத்தில் பென்சில் கோடுகள்:
நாலு வயது, ஏழு வயது,
பன்னிரண்டில் ஒரே தாவல்.
முதுகை ஒட்டி நின்று அளந்து பார்த்தேன்.
பன்னிரண்டுக்கு ஒரு விரல் கீழே நான்.
மண்ணியல் படிக்க வந்தவள்
ஒரு பையனின் பதினோராம் வயதில்
குடியிருக்கிறேன்.

கிறிஸ்துமஸுக்கு வந்தான்.
கால்கரியிலிருந்து எட்டு மணிநேரம்
பனிக்குள் ஓட்டிக்கொண்டு.
படுக்கை சோபாவில் என்று
முன்பே சொல்லிவைத்திருந்தார்கள் போல.
இரவு பத்து மணிக்கு
என் கதவை, அவன் கதவை
மெல்லத் தட்டினான்.
மன்னிக்கணும்,
மேல் அலமாரியில் என் ஸ்கேட்டிங் ஷூ இருக்கு,
எடுத்துக்கலாமா.

ஒதுங்கி நின்றேன்.
சுவிட்சை அவன் கை தேடவில்லை.
கிறீச்சிடுகிற பலகையைப் பாராமலே தாண்டினான்,
நான் தினமும் மிதித்து
வீட்டையே எழுப்புகிற பலகையை.
ஷூவைக் கையில் வைத்துக்கொண்டு
கட்டிலைப் பார்த்தான்,
காய்கிற என் சுடிதாரைப் பார்த்தான்,
பென்சில் கோடுகளை மட்டும் பார்க்கவில்லை.

உட்காருங்க என்றேன்.
சொன்னபிறகுதான் உறைத்தது
யார் வீட்டில் யாரை உட்காரச் சொல்கிறேன் என்று.
நாற்காலி நுனியில் உட்கார்ந்தான்,
முதல் வாரத்தில் நான் உட்கார்ந்த அதே நுனி.
மிக்சரை நீட்டினேன்.
வேண்டாம், பரவாயில்லை என்றான்.

இரண்டாம் தரம் கேட்டேன்.