இரண்டரை

கிருனாவில் சூரியன் வராத பதினேழாம் நாள்.
காமிராக் கூண்டின் பனியைச் சுரண்டிவிட்டு
உள்ளே வருகிறாள் சிக்னே.
திரையில் நீலம் வழிகிறது:
எலெக்ட்ரான் ஒன்றைப் பறிகொடுத்த நைட்ரஜன்.

கைக்குக் கிடைத்த கடித உறையின் முதுகில்
ஏணி வரைந்து கீழிருந்து நிரப்புகிறாள்.
பிணைப்பவை எட்டு, பிரிப்பவை இரண்டு;
கழித்துப் பாதியாக்க, மூன்று.
பறிபோனதோ
சேர்த்துப் பிடித்திருந்த எட்டில் ஒன்று.
மிச்சம் இரண்டரை.

ஆக்சிஜனுக்கு எட்டு, நான்கு. ஆக, இரண்டு.
அதற்கும் ஒன்று போயிற்று,
மேல்படியில் நின்றபடி
இருவரையும் தள்ளிவைத்திருந்த ஒன்று.
அது தொலைய, அணுக்கள் நெருங்கின.
இங்கும் இரண்டரைதான்.

பென்சிலைக் கடிக்கிறாள்.
இழந்து தளர்ந்ததும் இழந்து இறுகியதும்
ஒரே எண்ணில் வந்து நிற்கின்றன.

உறையைத் திருப்புகிறாள்.
சுரங்க நிறுவனத்தின் முத்திரை.
மார்ச்சில் அவள் வீட்டை இடிக்கப்போகிறார்கள்,
அடியில் கிடக்கும் இரும்புக்காக.
யோர்மாவும் அவளும் அதைப் பற்றி இன்னும் பேசவில்லை;
செப்டம்பரிலிருந்து
வேறெதைப் பற்றியும்கூட.

ஏணியின் ஓரத்தில் சின்னதாய் ஒரு வீடு வரைந்து
எந்தப் படியில் வைப்பதென்று
பார்த்துக்கொண்டே இருக்கிறாள்.
காபி ஆறுகிறது.
வெளியே நீலம் மங்கிப் பச்சை.