குடும்பங்களுக்கு மட்டும்

ரோலாவில் எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம்தான்.
ஆனாலும் பெலிக்ஸ் காரை எடுத்தார்.
வருஷத்துக்கு ஒருதரம் திருவிழா பார்க்கப் போகிறோம்,
நடந்தா போவார்கள் என்றார்.
நடந்திருந்தால் இருபது நிமிஷம்.
வண்டி நிறுத்த இடம் தேடியே நாற்பது போயிற்று.
கடைசியில் ஒரு மணல் திடலில்
ஐஸ்கிரீம் வண்டிக்குப் பக்கத்தில் சந்து கிடைத்தது.
"ஐஸ்கிரீம் வண்டி. எல்லாரும் ஞாபகம் வச்சுக்குங்க."
ரோவன் மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டான்,
அவனுக்கு வேறு காரணம்.

வாசலில் மூன்று மொழியில் பலகை:
இன்று குடும்பங்களுக்கு மட்டும்.
பலகைக்குக் கீழே தவசி நின்றிருந்தான்.
பெலிக்ஸின் கம்பெனியில் ஏசி டக்ட் மாட்டுகிற பையன்.
சஜா கேம்ப்பிலிருந்து இரண்டு பஸ் மாறி
இஸ்திரி மடிப்புக் கலையாமல் வந்திருக்கிறான்.
எங்களைப் பார்த்ததும் போனைக் காதில் வைத்து
யாருக்கோ காத்திருப்பவன்போல் பேசினான்.
திரை கறுப்பாகவே இருந்தது.

பெலிக்ஸ் சட்டத்தை மதிக்கிறவர்.
"அடுத்த தடவ பாக்கலாம் தவசி" என்று
வாயெடுப்பதற்குள்
ரோவனைத் தூக்கி அவன் கையில் கொடுத்தேன்.
இடுப்பில் பிள்ளை இருக்கிறவனை
யார் தனியாள் என்பார்கள்?

காவலாளி நேபாளி.
"ஃபேமிலி?"
"மேரா பாய்" என்றேன். என் இந்தி அவ்வளவுதான்.
அட்டையைக் கேட்டார்.
என்னுடையதில் ஆரோக்கியமேரி,
அவனுடையதில் தவசி கருப்பையா.
ஒரு வயிற்றில் இரண்டு சாமியா என்று
கேட்டிருக்கலாம்.
கேட்கவில்லை.
இரண்டு அட்டைகளையும் ஒன்றாக அடுக்கி
என் கையிலேயே தந்தார்.

உள்ளே
இரண்டு வரிசையாக ஆண்கள்
மெல்லிய மூங்கில் கழிகளை ஆட்டி ஆட்டி
எதிரெதிரே நின்று தலையசைத்தார்கள்.
தவசியின் தோளில் இருந்த ரோவன்
ஜூஸ் குழாயை வைத்துக்கொண்டு அதையே செய்தான்.
தகடு போன்ற கல்லில்
மாவை உள்ளங்கையால் இழுத்துக்கொண்டிருந்தாள் ஓர் அரபு அம்மா.
ஜெனிட்டா பள்ளிக்கூட அரபியில்
முட்டை வேண்டாம் என்று சொல்ல,
அந்த அம்மா மாஷா அல்லா என்று சிரித்தபடி
ஒரு முட்டையை உடைத்து ஊற்றினாள்.
தின்றோம்.

பருந்து ஒன்றைக் கையில் வைத்துப் படமெடுக்கப் பத்து திர்ஹம்.
நான் நீ என்று தள்ளிவிட்டதில் தவசி மாட்டிக்கொண்டான்.
கண்மூடி போட்ட பருந்து, தோலுறை போட்ட தவசி.
இரண்டும் அசையவில்லை.
"இது என்னவிட பயந்துருக்குக்கா" என்றான்.
அதுவரைக்கும் நான் மேடம்.

கிளம்பும்போது லுகைமாத் கடையில் நின்று
இருபத்துநாலு வேண்டும் என்றான்.
ரூமில் எட்டுப் பேர், ஆளுக்கு மூன்று.
இங்கே எண்ணிக் கொடுப்பதில்லை, கப் கணக்கு என்றார்கள்.
அவன் விடவில்லை.
கடைக்காரப் பெண் ஒவ்வொன்றாக எண்ணி,
பேரீச்சம்பாகு ஊற்றி,
கைத்தவறியதுபோல் மேலே நாலைந்து போட்டாள்.

திடலுக்கு வந்தால்
ஐஸ்கிரீம் வண்டி போய்விட்டிருந்தது.

சாவியைத் தலைக்கு மேலே தூக்கி அமுக்கிக்கொண்டே
பெலிக்ஸ் முன்னால் போக
நாங்கள் பின்னால், பவனி மாதிரி.
வெள்ளை வண்டிகள், வெள்ளை வண்டிகள்,
நடுவில் எங்கோ எங்கள் வெள்ளை வண்டி.
ரோவன் தூங்கி வழிந்து
இஸ்திரிச் சட்டையின் தோளெல்லாம் பாகு.
முக்கால் மணி நேரம் கழித்து
பிள்ளையை என்னிடம் தந்துவிட்டு
சிமெண்ட் தடுப்பின் மேல் ஏறினான் தவசி.
உயரத்தில் நிற்கப் பழகிய கால்.
"இப்ப அமுக்குங்க சார்... இன்னொருக்கா...
அந்தா, கண்ணடிக்குது!"

பஸ் நிறுத்தத்தில் இறக்கிவிட்டபோது
பொட்டலத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு
நன்றி சொல்லத் தெரியாமல் நின்றான்.
"தப்பு பண்ணிட்டோம்ல?" என்றார் பெலிக்ஸ், வண்டியைத் திருப்பியபடி.
நான் பதில் சொல்லவில்லை.
ஜெனிட்டா பின்சீட்டில் இருந்து கேட்டாள்,
மாமா எப்ப மறுபடி வரும்?

வியாழக்கிழமை ராத்திரி போன் வந்தது.
"அக்கா, நாளைக்கும் திருவிழா இருக்காம்."
"ஆமா, அதுக்கென்ன?"
பின்னால் யாரோ சிரிக்கிற சத்தம், சட்டி உருள்கிற சத்தம்.
"இல்ல...
ஒங்களுக்கு ரூம்ல
இன்னும் ரெண்டு தம்பிங்க இருக்காங்கக்கா."