பத்துக்கு எத்தனை

சுகாதார மையத்தின் படிவம் கேட்டது:
கடந்த இரண்டு வாரங்களில் உங்கள் மனநிலை
பத்துக்கு எத்தனை?

எட்டு என்று எழுதினேன்.
பேனா அவர்களுடையது,
கேள்வி அவர்களுடையது,
எட்டு மட்டும் என்னுடையது.
ஞாயிறுதோறும் இலோய்லோவுக்கு
பணத்தோடு சேர்த்து அனுப்பும் அதே எட்டு.
மரிஃபே கைபேசியைக் குழந்தைகள் பக்கம் திருப்புவாள்,
நான் மேசை விளக்கின் பக்கம் திருப்புவேன்.
"அங்கே விடிஞ்சிடுச்சா, மனாங்?"
"ஓ, நல்ல வெளிச்சம்."

நவம்பர் கடைசியில் மலைக்குப் பின்னால் போன சூரியன்
இன்னும் வரவில்லை.
ஐஸ்லாந்தின் இந்த மூலையில்
அதற்காக யாரும் புகார் கொடுப்பதில்லை.

மீன் தொழிற்சாலையில் முள் எடுப்பது என் வேலை.
கண் வேண்டாம்,
விரல் சொல்லிவிடும் எங்கே இருக்கிறதென்று.
எட்டு மணி நேரம்
முகம் தெரியாதவர்களின் தொண்டையில்
சிக்கவிருந்த முட்களை எடுத்துப்போடுகிறேன்.
என் தொண்டையில் இருப்பது
ஷிஃப்ட் முடிந்து என்னோடு வீட்டுக்கு வருகிறது.

"வெந்நீர்த் தொட்டிக்கு வா" என்றாள்
மேற்பார்வை பார்க்கும் குத்பியோர்க்.
முதலில் எல்லோரும் துணியில்லாமல் குளிக்க வேண்டுமாம்.
எங்கெங்கே சோப்புப் போட வேண்டும் என்று
சுவரில் ஒரு படம்,
சிவப்பு வட்டங்களோடு.
முதல் நாள் அந்தப் படத்தோடு திரும்பிவிட்டேன்.
அடுத்த வாரம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் போனேன்.
பூனை கண்ணை மூடினால்
பூலோகம் இருண்டுவிடாதுதான்.
இங்கே பூலோகம் ஏற்கனவே இருட்டு,
பூனைக்கு வசதி.

கழுத்துவரை கொதிப்பு,
தலைமேல் பனி.
என் முடி உறைந்து குச்சி குச்சியாக நின்றது.
எதிரே கப்பல் மெக்கானிக் ஒருவர்
வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு
"யாயா" என்றார்.
போகலாமா என்பதும் யாயா,
அவ்வளவுதான் என்பதும் யாயா,
அவருடைய மனைவி செத்துப்போனது
போன மார்ச்சில் என்பதும்
அதற்குள்தான் இருந்தது, பிறகு தெரிந்தது.
எனக்குக் கைவசம் இருந்ததைச் சொன்னேன்:
"ஹாய் நாகோ."
அவர் அதைத் திரும்பச் சொல்லிப் பார்த்தார்,
சூடான கிழங்கை வாயில் போட்டவர் மாதிரி.

புளி தீர்ந்த ஒரு சனிக்கிழமை
ரொமுவால்டோவின் அடுப்பில்
மீன்தலையோடு ருபார்ப் தண்டைக் கொதிக்கவிட்டோம்.
குத்பியோர்க்கின் கொல்லையில் வெட்டி
ஃப்ரீசரில் போட்டு வைத்திருந்தது.
சினிகாங் என்று சொல்ல முடியாது.
இல்லை என்றும் சொல்ல முடியாது.
நாக்கு சற்று யோசித்தது,
பிறகு இன்னொரு கிண்ணம் கேட்டது.

ஜனவரி இருபத்தைந்து, சூரியன் திரும்பும் நாள்.
இயந்திரத்தை நிறுத்தினார்கள்.
வலைத்தொப்பியும் ரப்பர் பூட்ஸுமாக
நாற்பது பேர் வாசலில்.
மலையின் பள்ளத்தில் வர வேண்டும்,
பன்னிரண்டு நிமிடம் நிற்க வேண்டும்.
மேகம்.
யாரும் எதுவும் சொல்லவில்லை.
ஆளுக்கொரு பான்கேக் தின்றோம்,
ஜாம் கையெல்லாம் ஒட்டியது,
உள்ளே போனோம்.

பிப்ரவரியில் மறுபடி அதே படிவம்.
நான்கு என்று எழுதினேன்.
"போன தடவை எட்டு" என்றாள் நர்ஸ்.
"அது பொய்."
அவள் கணினித் திரையைத் தள்ளி வைத்துவிட்டு
நாற்காலியை என் பக்கம் திருப்பினாள்.
நெடுநாள் கழித்து அன்றைக்குத்தான்
இரவு முழுக்கத் தூங்கினேன்.
நான்கு பேர் தூங்கும் தூக்கம்.

ஞாயிறு காலை ஏழு மணி,
விளக்கை விட்டுவிட்டு
ஜன்னல் பக்கம் திருப்பினேன் கேமராவை.
"என்ன மனாங், ஒரே இருட்டா இருக்கு?"
"இருட்டுதான்.
இவ்வளவு நாளா இதேதான்."

மரிஃபே ஒன்றும் பேசவில்லை.
குழந்தைகளின் சத்தம் தள்ளிப்போயிற்று,
ஏதோ ஒரு கதவு சாத்தியது.
பிறகு மெல்லக் கைபேசியைத்
தன் முகத்துக்குத் திருப்பினாள்.
ஒரு வருஷமாக நான் பார்க்காத முகம்.
கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

"எனக்கு மூணு" என்றாள்.

யாயா, என்றேன்.
அவளுக்கு அது புரிந்தது.