மூவாயிரம்

கோபோலுக்குக் காத்திருக்கத் தெரியாது.
கூட்டும், வரிசைப்படுத்தும்,
காசு பிசகாமல் வட்டி போடும்.
சும்மா இரு என்று சொல்ல மட்டும்
அதில் ஒரு வினைச்சொல் இல்லை.

முப்பது வினாடி பொறு என்பதற்கு
எண்பத்தொன்பதில் யாரோ எழுதியிருந்தார்:
ஒன்றிலிருந்து நாலு கோடி வரை எண்ணு.
எண்ணியது, இரவெல்லாம்.
இயந்திரம் வேகமாக ஆக
வேறு யாரோ அதை நாற்பது கோடியாக்கினார்.
ரோட்டர்டாமில் பில் எகிறியது.
வேலை தங்கச்சிமடத்துக்கு, என்னிடம் வந்தது.

இங்கே தடைக்காலம். பத்தொன்பதாம் நாள்.
எதிர்வீட்டு வியாகுலம் மணிக்கொரு தடவை
ஜெட்டிக்குப் போய்க் கயிற்றைத் தொட்டுவிட்டு வருகிறார்.
படகு எங்கேயும் போயிடாதுண்ணே என்றால்
தெரியும் என்கிறார், செருப்பை மாட்டிக்கொண்டே.

கடிகாரம் இருப்பது அடியில், சூப்பர்வைசரிடம்.
கோபோல் அவனிடம் நேராகப் பேசாது.
இடையில் அசெம்ப்ளரில் பதினோரு வரி வைத்தேன்.
ரெஜிஸ்டர்களைப் பத்திரப்படுத்து.
பதின்மூன்றில் சேமித்த இடம்,
பதினான்கில் திரும்பும் வழி.
நடுவே ஒரே ஒரு விண்ணப்பம்:
என்னை இறக்கி வை, நேரமானதும் எழுப்பு.

பாம்பன் பாலத்துக்கு வடக்கே
இழுவைக்கப்பல் அப்படித்தான் நிற்கும்.
பாலத்தை அது தூக்க முடியாது.
துறைமுக ஆபீசுக்குச் சொல்லிவிட்டு
நங்கூரம் போட்டு எஞ்சினை அணைத்துவிடும்.

இரவு ஒன்றரைக்கு ஓடவிட்டேன்.
வினாடியை நூறாக வெட்டிக் கேட்கும் சேவை;
ஆகவே மூவாயிரம்.
ஒரு நிமிடம் ஆயிற்று. ஐந்து.
சிபியு கணக்கு அசையவே இல்லை.
சோழிங்கநல்லூரிலிருந்து ஹுமாயூன்:
அக்கா, ஜாப் செத்துடுச்சா?
தூங்குது.
எழும்புமா?

வாசலுக்குப் போனேன். வந்து திரையைத் தொட்டேன்.
மறுபடி வாசல்.
எதிர்வீட்டிலும் விளக்கு எரிந்தது.

முப்பத்திரண்டு நிமிடம் நாற்பத்தாறு வினாடி.
ஒன்றும் நடக்காதது போல எழுந்து
அடுத்த வரிக்குப் போனது.

அந்தக் கணக்கில்தான் பிடிபட்டது.
நான் கொடுத்தது பொதிந்த தசமம். நாலு பைட்:
சுழி சுழி, சுழி மூன்று, சுழி சுழி, சுழி சி.
கோபோல் கண்ணுக்கு மூவாயிரம்; சி வெறும் கூட்டல் குறி.
கீழே இருப்பவன் தசமம் அறியான்.
அதே நாலு பைட்டை இருமமாக வாசித்தான்:
ஒரு லட்சத்துத் தொண்ணூற்றாறாயிரத்து
அறுநூற்றிருபது.
தப்பு அவனுடையதில்லை.
கேட்டதைக் கொடுத்தான், ஒரு வினாடி கூடக்
கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

காம்ப்-3 என்றிருந்ததில் மூன்றை அழித்தேன்,
முன்னிருந்த கோட்டையும்.
மறுபடி ஓடவிட்டேன்.

தெருவில் செருப்புச் சத்தம்.
வியாகுலம் முனை திரும்புவதற்குள்
எழுந்துவிட்டது.
பதினைந்தாம் ரெஜிஸ்டரில் பூஜ்யம்.